இருநூற்றுப் பதினான்காம் இணைப்பு

குளிர் எல்லை தாண்டினால் தட்டு வேலை செய்யாது.
கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன்.
வண்டி ஓட்டும் ஒராஸுக்குச் சிரிப்பு:
"பிள்ளைக்குப் பசிக்கிறதா பார், மக்பால்."

ஸ்டெப்பியில் இந்நேரம் விளக்கென்று எதுவும் இல்லை.
பனிமேல் கறுப்பாய்க் குழாய் மட்டும்
போய்க்கொண்டே இருக்கிறது,
பன்னிரண்டு மீட்டருக்கு ஒரு தழும்போடு.

தழும்புக்கு அந்தப் பக்கம் கதிர்க்குழல்,
இந்தப் பக்கம் தட்டு, நடுவில் இரும்பு.
இரும்பின்மேல் ஈய எண்கள்: இரண்டு, ஒன்று, நான்கு.
பக்கத்தில் ஏழு கம்பிகள்,
ஒன்றைவிட ஒன்று மெலிந்தவை.
ஆறாவது தெரிந்தால் படத்தை நம்பலாம்.
ஏழாவதும் தெரிகிறது என்பவனை
நான் நம்புவதில்லை.

கயிறு கட்டி, சிவப்பு விளக்கு வைத்து,
நாற்பது மீட்டர் நடந்து வண்டிக்குப் பின்னால் நிற்கிறோம்.
பன்னிரண்டு நொடி.
ஓசை இல்லை, வாசம் இல்லை,
ஒராஸின் சிகரெட் நுனிகூட அசையவில்லை.

ஆனால் அங்கே
தடித்த இடத்தில் கதிர் தடுக்கி விழுகிறது.
மெலிந்த இடத்தில் நழுவி வந்துவிடுகிறது.
வந்ததையெல்லாம் சீசியம் உப்பின் ஊசிகள்
பச்சை வெளிச்சமாக்க,
வெளிச்சம் மின்னாகி, மின் எண்ணாகி
முப்பது லட்சம் கட்டங்களில் கொட்டுகிறது.
கட்டத்துக்கு அறுபத்தைந்தாயிரம் சாம்பல் நிறங்கள்.
என் கண்ணுக்கு அதில் நூறு தெரிந்தால் அதிகம்.
மிச்சத்தை
விரலால் உருட்டி உருட்டித்தான் வரவழைக்க வேண்டும்.

பின்னால் யாரோ நிற்கிறார்கள். யெர்மெக்.
இது அவன் பற்றவைத்தது.
பதினொரு வருஷமாய்ப் பற்றவைக்கிறான்,
உள்ளே எப்படி இருக்கும் என்று பார்த்ததில்லை.
அவனுக்குத் தாள்தான் வரும்: ஏற்பு, அல்லது நிராகரிப்பு.
"காட்டேன்" என்றான்.
காட்டலாம் என்று விதியில் இல்லை,
கூடாது என்றும் இல்லை.
லேப்டாப்பைத் திருப்பினேன்.

வெளிறிய பட்டை, மீன்செதில் போல் அலை அலையாய்.
பட்டையின் ஓரத்தை ஒட்டி,
மேலிருந்து கீழ்வரை, ஒரு கறுப்புக் கோடு.
அவன் முகத்தில் இரத்தமே இல்லை.

"பயப்படாதே, அது உன்னுடையது இல்லை.
தட்டில் ஒரு வரிசை செத்துப்போயிருக்கிறது.
கை தவறினால் இவ்வளவு நேராய்த் தவறாது."
அக்கம்பக்கத்துச் சராசரியைப் போட்டு
மென்பொருள் அதைப் பூசி மெழுகிவிடும்.
நான்தான் பூச்சை அணைத்து வைத்திருக்கிறேன்.
பூசிய இடத்தில் என்ன இருந்தது என்று
பூச்சுக்குத் தெரியாது.

தட்டை இரண்டு விரற்கடை நகர்த்தி
மறுபடி கயிறு, மறுபடி நாற்பது மீட்டர்,
மறுபடி பன்னிரண்டு நொடி.

செத்த வரிசை தள்ளிப் போயிருந்தது.
அது இருந்த இடத்தில் இப்போது
சீரகம் அளவுக்கு ஓர் இருட்டு.
இரும்பு இரும்பைப் பற்றாமல் விட்ட இடம்.

யெர்மெக் குனிந்தான்.
திரையைத் தொடாமல் விரலை மட்டும்
அதன்மேல் நிறுத்தினான்.
"இங்கே குச்சி மாற்றினேன்" என்றான்.
அப்புறம், கொஞ்சம் கீழே இறங்கி,
"இங்கே இருமினேன்."

அளந்தேன். இருமலின் நீளம் நான்கு மில்லிமீட்டர்.
மூன்றுவரைதான் விடலாம்.
இரண்டு படங்களையும் சேமித்தேன்,
செத்த கோட்டோடு இருப்பதையும்.

அவன் வாதாடவில்லை.
"மற்ற இடமெல்லாம்?" என்று கேட்டான்.
"நன்றாக இருக்கிறது."
அதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.
அவன் இன்னும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
பேட்டரி குறைகிறது என்று சொல்ல வாயெடுத்துச்
சொல்லாமல் விட்டேன்.

பிறகு அரவை இயந்திரத்தின் சத்தம்,
பனியில் விழுந்து அவியும் பொறிகள்.
ஒராஸ் வண்டியைக் கிளப்பி
இருநூற்றுப் பதினைந்துக்கு அருகே நிறுத்தினான்.
பையில் இரண்டு இருக்கிறது, ஒன்று இருக்கிறது,
ஐந்தைக் காணோம்.
சாயங்காலம் இருந்தது.
கையுறையைக் கழற்றிவிட்டு
ஒவ்வொரு ஈய எண்ணாய்த் தடவிப் பார்க்கிறேன்.